எட்டு வாக்குமூலங்களும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும்

எங்கள் ஊரில் போலீஸ் ஸ்டேஷன் கிடையாது. சினிமா தியேட்டரும் கிடையாது. காயல்பட்டினத்துக்காரர் யாரிடம் பேசினாலும், பத்து நிமிஷத்துக்குள் இந்த இரண்டையும், கூடவே மதுக்கடை இல்லை என்பதையும் சொல்லிவிடுவார். சொல்லும்போது குரலில் ஒரு மிதப்பு இருக்கும். இன்ஜினியரிங் படித்த நான்கு வருஷமும் ஹாஸ்டலில் நானும் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். ஒருமுறை லீவில் வந்திருந்தபோது மாமாவிடமே இந்தப் பெருமையை ஓட்டிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. “ஸ்டேஷன் ஆறுமுகநேரில இருக்குடா. இந்தா கூப்பிடு தூரம். கேஸ் இல்லாத ஊருன்னு எவன் சொன்னான்? நம்ம ஊர்ல இல்லாதது கட்டடம் மட்டும்தான்” என்றார்.

சுழல் வெப் சீரிஸின் இரண்டாம் சீசன் 2025 பிப்ரவரி 28ஆம் தேதி அமேசான் பிரைமில் வெளியானபோது நான் ஊரில் இருந்தேன். கதை நடக்கும் ஊரின் பெயர் காளிப்பட்டணம். கடலோரத்து ஊர், காளி வேடம் போட்டுக்கொண்டு கூட்டம் கூட்டமாக வரும் பக்தர்கள், தெற்கத்திப் பேச்சு. பெயரைக் கேட்டதும் உம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “நம்ம ஊரா?” “இல்லும்மா, இது கதைக்கு வச்ச பேரு.” இரண்டு எபிசோட் வரை ஒன்றும் பேசாமல் பார்த்தவர், மூன்றாவதில் சட்டென்று கேட்டார்: “இத்தன பொம்பளப் புள்ளைகள உள்ள வச்சிருக்கானுவளே, அடிக்க மாட்டானுவளா?”

யார் கொலைகாரன் என்று நான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். உம்மாவின் கேள்வி வேறாக இருந்தது. சீரிஸ் முடிந்து வெகுநாள் கழித்தும், கொலைகாரன் யார் என்பதைவிட அந்தக் கேள்விதான் என்னிடம் மிச்சமிருக்கிறது. சின்ன ஊர், ஒரு கொலை, அதைத் துரத்தும் உள்ளூர் எஸ்.ஐ. என்ற கதையை நாம் இப்போது வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை பார்க்கிறோம். எனக்குப் பிடித்த வகையும் அதுதான். அந்த வகை நமக்கு என்ன காட்டுகிறது, எதைக் காட்டாமல் தாண்டிப் போகிறது என்பதை உம்மாவின் கேள்வியை வைத்துக்கொண்டு யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

1

முதலில் சுழலுக்கு அதன் நியாயத்தைச் செய்துவிட வேண்டும். 2022 ஜூனில் வந்த முதல் சீசன் சாம்பலூர் என்ற கற்பனை ஊரில் நடந்தது. சிமெண்ட் ஆலை, தொழிற்சங்கம், மயானக் கொள்ளைத் திருவிழா. ஆலை தீப்பிடித்து எரிகிறது. சங்கத் தலைவர் சண்முகத்தின் (பார்த்திபன்) இளைய மகள் நிலா காணாமல் போகிறாள். தேடுவது ஊரார் சக்கரை என்று கூப்பிடும் சப் இன்ஸ்பெக்டர் சக்கரவர்த்தி (கதிர்). புஷ்கர்-காயத்ரி எழுத்தின் பலம் எங்கே இருந்தது என்றால், சந்தேகம் ஆலையைச் சுற்றி, சங்கத்தைச் சுற்றி, பக்கத்து வீட்டைச் சுற்றி, கடைசியில் பார்த்திபன் வீட்டு நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்தது. வெளியிலிருந்து வந்த பேய் யாருமில்லை. வீட்டுக்குள் வளையவந்த உறவுக்காரர், பிள்ளைகள் சின்ன வயதிலிருந்து பயந்து ஒடுங்கிய ஆள், அவர்தான். அந்தக் கோபத்தில் அக்கா நந்தினி (ஐஸ்வர்யா ராஜேஷ்) துப்பாக்கியைத் தூக்குவதோடு முடிந்தது.

சின்ன ஊர் த்ரில்லருக்கு ஏன் தோதாக இருக்கிறது என்பதற்கு அந்த சீசன் நல்ல உதாரணம். பெருநகரத்தில் கொலைகாரன் கூட்டத்தில் கரைந்துவிடலாம். சின்ன ஊரில் கரைய முடியாது. பழக்கத்துக்குள்தான் ஒளிய முடியும். தினமும் பார்க்கும் முகம் என்பதே அவனுக்கு மறைப்பு. எங்கள் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். வீடுகள் தெருவிலிருந்து தெரு வரைக்கும் நீளமாகப் போகும். வீடுகளுக்கு இடையே பெண்கள் போய்வர முடுக்குகள் உண்டு. ஆண்கள் பாதைக்குத் தெரியாமலே பெண்களின் செய்தி அந்த முடுக்கு வழியாக ஊரைச் சுற்றி வந்துவிடும். கொலைக்கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது: பாதி ஊர் பார்ப்பது மீதி ஊருக்குத் தெரியாது, ஆனால் யாராவது ஒருவர் எல்லாவற்றையும் பார்த்திருப்பார்.

இரண்டாம் சீசனின் தொடக்கமும் அபாரம். சக்கரையை மகன்போல நடத்திய வக்கீல் செல்லப்பா (லால்) பூட்டிய வீட்டுக்குள் செத்துக் கிடக்கிறார். அதே வீட்டு அலமாரிக்குள் முத்து (கௌரி கிஷன்) என்ற இளம்பெண் ஒளிந்திருக்கிறாள். அவள் கையும் களவுமாகப் பிடிபட்டாள் என்று போலீஸ் மூச்சு விடுவதற்குள், வேறு வேறு ஸ்டேஷன்களில் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சரணடைகிறார்கள். அவளோடு சேர்த்து எட்டுப் பேர். எட்டுப் பேரும் சொல்வது ஒன்றுதான்: நான்தான் கொன்றேன். ஊரில் அஷ்டகாளி திருவிழா. எட்டுக் காளிகளும் எட்டு வாக்குமூலங்களும் என்று கணக்கு சரியாக உட்கார்ந்துவிடுகிறது.

ஆனால் ஊர்? சாம்பலூரில் எனக்கு ஆலை வாசல் ஞாபகமிருக்கிறது, சங்கக் கூட்டம் ஞாபகமிருக்கிறது. காளிப்பட்டணத்தில் வண்ணமும் பறையும் கூட்டமும் ஞாபகமிருக்கின்றன, டீக்கடைக்காரர் ஞாபகமில்லை. இந்தத் திருவிழாவைப் பார்க்கும் தென்மாவட்டத்துக்காரர் எவருக்கும் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராதான் மனதில் வரும். எங்கள் ஊரிலிருந்து திருச்செந்தூரைத் தாண்டி இருபது கிலோமீட்டர் சொச்சம். அங்கே வேடம் போடுகிறவன் நாற்பது நாளோ இருபது நாளோ விரதம் இருந்து, கடன் வாங்கி உடை தைத்து, ஊர் ஊராகக் காணிக்கை பிரித்து, கடைசி நாள் கடற்கரையில் வேடம் களைகிறான். அவனுக்கு ஒரு வேண்டுதல் இருக்கும், ஒரு கடன் இருக்கும், ஒரு குடும்பம் இருக்கும். சீரிஸில் அவன் பின்னணியில் ஆடிக்கொண்டே இருக்கிறான். கேமரா அவன் முகத்துச் சாயத்தோடு நின்றுவிடுகிறது.

2

தமிழ்த் துப்பறியும் கதைக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயதாகிறது. அதில் பெரும்பகுதி, துப்பறிகிறவர் போலீஸ் ஸ்டேஷனுக்கு வெளியே இருந்தார். ஜே.ஆர். ரங்கராஜுவுக்குத் துப்பறியும் கோவிந்தன். வடுவூர் துரைசாமி ஐயங்காருக்கு திகம்பர சாமியார். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படத்தில் நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் போட்டு அசத்தினார். தமிழ்வாணனுக்கு சங்கர்லால். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜெயந்தி எல்லாரும் தனியார் துப்பறிவாளர்கள். ராஜேஷ்குமாரின் விவேக்தான் இந்தக் கூட்டத்தில் காக்கிப் பக்கத்து ஆள்.

எங்கள் வீட்டுப் பரணில் இவர்கள் எல்லாரும் இருந்தார்கள். தியேட்டர் இல்லாத ஊரில் மாத நாவல்தான் தியேட்டர். வாப்பா வெளியூர் போய்த் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கி வருவார். உம்மா படித்து, பெரியம்மா படித்து, முடுக்கு வழியாகப் பத்து வீடு சுற்றி, கடைசிப் பக்கம் கிழிந்து என்னிடம் வரும். பல கொலைகாரர்களின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாததற்கு அதுதான் காரணம்.

அந்தக் கதைகளில் இன்ஸ்பெக்டர் ஒருவர் கட்டாயம் வருவார். பெரும்பாலும் தவறான ஆளைக் கைது செய்துவைத்திருப்பார். கணேஷிடம் கேஸ் வருவதே அப்படித்தானே. போலீஸ் முடிவுகட்டிய இடத்தில் வக்கீலின் சந்தேகம் தொடங்கும். அதாவது துப்பறிதல் என்பதே ஸ்டேஷன் எழுதிய கதையை நம்பாமல் இருப்பது. இதை யாரும் கொள்கையாகச் சொல்லவில்லை. கதையின் சட்டகத்துக்குள்ளேயே அது இருந்தது.

ஓடிடி வந்த பிறகு இந்த இடம் மாறிவிட்டது. சுழலில் எஸ்.ஐ. சக்கரை. 2022 டிசம்பரில் வந்த ‘வதந்தி’யில் கன்னியாகுமரிப் பக்கத்து எஸ்.ஐ. விவேக் (எஸ்.ஜே. சூர்யா). 2023 ஜூனில் தியேட்டருக்கு வந்த ‘போர் தொழில்’ படத்தில் திருச்சிப் பக்கத்துக் கொலைகளைத் துரத்தும் இரண்டு அதிகாரிகள். மூன்றுமே எனக்குப் பிடித்தவை. செத்துப்போன ஒரு பெண்ணைப் பற்றி ஊர் எத்தனை கதை கட்டுகிறது என்பதையே மர்மமாக ஆக்கிய விதத்தில் வதந்தியைத் தமிழின் நல்ல முயற்சிகளில் ஒன்றாகச் சொல்வேன்.

மாற்றத்துக்குக் காரணம் புரிகிறது. சின்ன ஊரில் தனியார் துப்பறிவாளர் போர்டு மாட்டி உட்கார்ந்தால் கல்யாண வரன் விசாரிக்கத்தான் ஆள் வரும். கொலையைத் தொடும் அதிகாரம் எஸ்.ஐ.க்குத்தான் உண்டு. ஜீப் இருக்கிறது, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் இருக்கிறது, செல்போன் டவர் விவரம் கேட்டு வாங்க முடிகிறது. கதாசிரியருக்கு எவ்வளவு சௌகரியம்! ஆனால் வக்கீல் கணேஷிடம் இல்லாத இன்னொன்றும் எஸ்.ஐ.யிடம் இருக்கிறது. ஓர் அறை. அந்த அறைக்குள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்த அவரால் முடியும். துப்பறிகிறவர் ஸ்டேஷனுக்குள் குடிபோனதும், ஸ்டேஷன் எழுதும் கதையை யார் சந்தேகப்படுவது என்ற வேலை கதையிலிருந்தே காணாமல் போய்விட்டது.

3

நம்முடைய க்ரைம் படங்களில் அந்த அறைக் காட்சி கிட்டத்தட்ட சடங்கு மாதிரி. மேலே ஒரு பல்பு. நாற்காலியில் சந்தேக நபர். முதலில் மிரட்டல், பிறகு அறை, பிறகு சட்டைக் கையை மடித்துவிடும் ஓர் ஏட்டு. அடுத்த ஷாட்டில் ஆள் உடைந்து எல்லாவற்றையும் சொல்வான். நாமும் ‘அப்பாடா’ என்று சாய்ந்து உட்காருவோம்.

சட்டம் அப்படிச் சாய்ந்து உட்காருவதில்லை. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமும் 23ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. இதை எழுதியவர்கள் மனித உரிமைப் போராளிகள் இல்லை, வெள்ளைக்காரர்கள். தங்கள் சொந்தப் போலீஸ் பூட்டிய அறைக்குள் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நூற்றைம்பது வருஷமாகச் சட்டம் நம்ப மறுக்கும் ஒன்றை நம் த்ரில்லர்கள் க்ளைமாக்ஸாக வைத்திருக்கின்றன.

இந்த இடத்தில்தான் சுழல் இரண்டின் எட்டுப் பெண்களை நான் மறுபடி யோசிக்கிறேன். அவர்கள் செய்தது எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! ஒருத்தி மட்டும் ஒப்புக்கொண்டால் போலீஸுக்குக் கேஸ் முடிந்தது. எட்டுப் பேரும் ஒப்புக்கொண்டால் ஒருவர்கூட ஒப்புக்கொள்ளாத மாதிரி. வாக்குமூலம் என்ற நாணயத்தையே செல்லாக்காசாக்கிவிட்டார்கள். இதுவரை தமிழ் த்ரில்லரில் அடித்துப் பிடுங்கப்பட்ட ஒன்றை இவர்கள் வாரி இறைத்து மதிப்பிழக்கச் செய்கிறார்கள். எழுத்தாளர்கள் இந்த யோசனையின் முழு நீளத்துக்கும் போயிருந்தால் தமிழில் இதற்கு இணையான க்ரைம் கதை இருந்திருக்காது.

போகவில்லை என்பது என் குறை. அந்தப் பெண்கள் நந்தினி இருக்கும் ஜெயிலுக்கு அனுப்பப்படுகிறார்கள். அங்கே அவர்களுக்குள் ஒட்டுறவு உருவாகும் காட்சிகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஜெயிலுக்கு முன்னால் எட்டு ஸ்டேஷன், எட்டு முதல் இரவு உண்டு. அந்த நேரம்தான் உம்மா கேட்டது. சீரிஸுக்கு அடுத்த திருப்பத்துக்கு அவசரம். சக்கரை நல்லவன், சாந்தமானவன், தப்பு செய்தால் குற்றவுணர்வில் புழுங்குகிறவன். கதிர் அந்தப் புழுக்கத்தை நன்றாக நடித்தும் இருக்கிறார். அவன் நல்லவன் என்பதாலேயே ஸ்டேஷன் எப்படிப்பட்ட இடம் என்ற கேள்வி எழாமல் போகிறது.

இதே வகைக் கதையை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் உண்டு. நம் எல்லாருக்கும் தெரிந்தது போங் ஜூன்-ஹோவின் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’. தென்கொரியாவில் ஹ்வாசாங் பகுதியில் 1986 முதல் 1991 வரை நடந்த பத்துக் கொலைகளை வைத்து 2003இல் எடுத்தது. கண்ணைப் பார்த்தே குற்றவாளியைச் சொல்லிவிடுவேன் என்று நம்பும் உள்ளூர் டிடெக்டிவ், மனவளர்ச்சி குன்றிய ஒரு பையனைப் பிடித்து அடித்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுக்கிறான். படம் முழுக்கத் தவறான ஆட்கள் உதைபடுகிறார்கள். அவ்வப்போது அது நகைச்சுவையாகவும் இருக்கிறது. நாம் சிரித்துவிட்டுக் கூசுகிறோம். கொலைகாரன் கிடைப்பதேயில்லை.

படம் வந்து பதினாறு வருஷம் கழித்து, 2019இல், டி.என்.ஏ. பரிசோதனை உண்மையான ஆளைக் காட்டியது. வேறொரு கொலைக்காக அவன் ஏற்கெனவே ஜெயிலில்தான் இருந்தான். பத்துக் கொலையையும் ஒப்புக்கொண்டான். அதில் எட்டாவது கொலைக்காக இன்னொருவர் தண்டனை பெற்று ஏறத்தாழ இருபது வருஷம் சிறையில் கழித்து வெளியே வந்திருந்தார். போலீஸ் சித்திரவதை செய்துதான் தன்னிடம் வாக்குமூலம் வாங்கியது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். 2020 டிசம்பரில் நீதிமன்றம் அவரை நிரபராதி என்றது. போங் படமெடுத்தபோது கொலைகாரன் யார் என்று அவருக்குத் தெரியாது. அந்த அறையில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தது. அது போதுமானதாக இருந்தது.

4

உம்மா ஏன் அப்படிக் கேட்டார் என்பதற்குக் கொரியா வரை போக வேண்டியதில்லை. சாத்தான்குளம் எங்கள் மாவட்டம்தான். திருச்செந்தூர் போய் பஸ் மாறினால் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம்.

2020 ஜூன் 19ஆம் தேதி. ஊரடங்குக் காலம். நானும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டிருந்தேன். சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பென்னிக்ஸ் செல்போன் கடை வைத்திருந்தவர். நேரத்துக்குக் கடையை அடைக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. மறுநாள் இருவரும் கோவில்பட்டி கிளைச்சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார். 23ஆம் தேதி காலை தந்தை இறந்தார். மாவட்டம் முழுக்கக் கடைகள் அடைக்கப்பட்டன.

அந்த வழக்கின் முதல் தகவல் அறிக்கையை ஒரு கதையாக வாசித்துப் பாருங்கள். வாக்குவாதம் செய்தார்களாம், தரையில் விழுந்து புரண்டார்களாம், அதில் உள்காயம் ஏற்பட்டதாம். மட்டமான மாத நாவலில்கூட எடிட்டர் இதை விட்டிருக்க மாட்டார். பக்கத்துக் கடையின் சிசிடிவி காட்சி வெளியானதும் அந்தக் கதை நிற்கவில்லை. ஆனால் அதற்கு முன் அந்தக் கதை எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அதே கதையோடு மருத்துவச் சான்று கிடைத்தது, ரிமாண்ட் உத்தரவு கிடைத்தது, சிறைக் கதவு திறந்தது. ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரித்தது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் ஸ்டேஷனுக்கு நேரில் போனார். அவருக்குக் கிடைத்த வரவேற்பு எப்படி இருந்தது என்றால், ஸ்டேஷனை வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளும்படி நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. ஒரு போலீஸ் ஸ்டேஷனைத் தடயம் கலையாமல் பாதுகாக்க, தாசில்தார்கள் வந்து உட்கார்ந்தார்கள். எந்தத் திரைக்கதையாளர் இதை எழுதியிருந்தாலும் நம்பும்படி இல்லை என்று நாம் விமர்சனம் எழுதியிருப்போம்.

நடுவரின் அறிக்கையில் ஒரு விவரம் உண்டு. அன்று படித்தபோது என் தொழில் காரணமாக அதில்தான் சிக்கிக்கொண்டேன். ஸ்டேஷன் சிசிடிவியின் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தது. ஆனால் பதிவுகள் தினமும் தானாக அழிந்துபோகும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது.

என் வேலையில் பாதி, லாக் என்று சொல்லப்படும் பதிவுகளோடுதான். சர்வர் ஒன்று நள்ளிரவில் விழுந்துவிட்டால், காலையில் நாங்கள் செய்யும் முதல் காரியம் லாக்கைத் திறப்பது. அது எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதை யாரோ ஒருவர் முன்கூட்டியே முடிவு செய்து செட்டிங்கில் எழுதியிருப்பார். இடம் போதாமல் பழைய பதிவு அழிவது வேறு. இடம் காலியாகக் கிடக்கும்போது தினமும் அழி என்று சொல்வது வேறு. இரண்டாவதற்கு ஒரு மனிதர் மெனுவுக்குள் போய் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது ஏற்கெனவே இருந்த எண்ணை மாற்ற வேண்டாம் என்று விட்டுவிட வேண்டும். ஜூன் 19க்கு எவ்வளவோ முன்பே செய்துவைக்கப்பட்ட சாதாரண வேலை அது. அதற்குக் கோபமோ வெறியோ தேவையில்லை. அதே வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் சிசிடிவி கட்டாயம், பதிவுகளைப் பதினெட்டு மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்றது. இந்தத் தேசத்தின் உச்ச நீதிமன்றம் ஒரு செட்டிங்கைப் பற்றி இவ்வளவு விவரமாகப் பேச வேண்டியிருக்கிறது என்றால், அந்த மெனு எவ்வளவு பெரிய குற்றக் களம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹார்ட் டிஸ்க் மறந்ததை ஒரு மனுஷி மறக்கவில்லை. அன்று பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர், இரவெல்லாம் அடி விழுந்ததையும், லத்திகளிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்ததையும் நடுவரிடம் சொன்னார். பயந்துகொண்டேதான் சொன்னார். கையெழுத்துப் போடத் தயங்கினார். பிறகு போட்டார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போய், சி.பி.ஐ.க்குப் போய், ஒன்பது போலீஸார் மீதான விசாரணையாக மதுரையில் ஆண்டுக்கணக்கில் நீண்டபோது, அந்தக் கையெழுத்து அதற்கு அடித்தளங்களில் ஒன்றாக இருந்தது.

சின்ன ஊர், இரண்டு மரணம், உண்மையைத் துரத்தும் உள்ளூர் போலீஸ். நாம் விரும்பிப் பார்க்கும் த்ரில்லரின் எல்லா அம்சமும் இங்கே இருக்கிறது. துப்பறிகிறவர் மட்டும் இடம் மாறி நிற்கிறார். ஜீப்பில் பாய்ந்து இறங்கியவர் யாரும் இதைத் துலக்கவில்லை. ஒரு நடுவரின் நோட்டுப் புத்தகம், பக்கத்துக் கடையின் கேமரா, பயத்தோடு வாய் திறந்த ஒரு காவலர். குற்றம் நடந்த இடமும் ஸ்டேஷன்தான், குற்றத்தைச் சொன்னவர் நின்ற இடமும் ஸ்டேஷன்தான்.

5

இதற்கு ஒரு மறுப்பு வரும், நானே எனக்குச் சொல்லிக்கொள்வதுதான். ‘வாரக்கடைசியில் நாலு மணி நேரம் விறுவிறுப்பாக ஒன்றைப் பார்க்க உட்கார்ந்தால் சாத்தான்குளத்தைக் கொண்டுவந்து வைக்கிறாயே. அதற்கு விசாரணை இருக்கிறது, ஜெய்பீம் இருக்கிறது. த்ரில்லரை த்ரில்லராக விடு.’

நியாயம்தான். மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’பை வைத்து வெற்றிமாறன் எடுத்த ‘விசாரணை’ 2016இல் இங்கே வெளியானபோது, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கப்படுபவர்களின் பக்கம் நின்று அந்த அறையைப் பார்த்தோம். 2021இல் வந்த ‘ஜெய்பீம்’ 1993ஆம் வருஷத்து உண்மை வழக்கை எடுத்துக்கொண்டு, ஆட்கொணர்வு மனு வழியாக ஒரு வக்கீலைத் துப்பறிய வைத்தது. ஒருவகையில் கணேஷ் திரும்பி வந்த படம் அது. அதே வருஷம் ஃப்ராங்க்ளின் ஜேக்கப்பின் ‘ரைட்டர்’, ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஒரு வயதான போலீஸ்காரரை நடுவில் உட்கார வைத்தது. எழுதப்படும் கதையை எழுதும் கையையே காட்டியது.

ஆனால் கவனித்தீர்களா, நாம் இவற்றைத் தனி அலமாரியில் வைத்துவிட்டோம். அது ‘சமூகப் படம்’, இது ‘த்ரில்லர்’. முதலாவதில் போலீஸ் அடித்தால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். இரண்டாவதில் அதே அடிக்குச் சாய்ந்து உட்காருகிறோம். இந்த இரண்டு அலமாரிக்கும் நடுவே கதவில்லாமல் இருப்பதுதான் என் புகார். 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரத்தில், விசாரணைக்குக் கூட்டிப்போன ஆட்களின் பற்களைப் பிடுங்கியதாக ஓர் இளம் உதவிக் கண்காணிப்பாளர் மீது புகார் எழுந்து, அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டு, சி.பி.சி.ஐ.டி. வழக்கானபோது, ‘ரவுடிகளைத்தானே’ என்ற பேச்சையும் கூடவே கேட்டேன். அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதில் நம் க்ரைம் கதைகளுக்குப் பங்கே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் குற்றவாளிதான் என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்த கதைகளைப் பார்த்துப் பார்த்து வளர்ந்திருக்கிறோம்.

த்ரில்லரைக் கெடுக்கச் சொல்லவில்லை. இன்னும் நல்ல த்ரில்லர் கேட்கிறேன். முத்துவை அலமாரியிலிருந்து வெளியே எடுத்த பிறகான முதல் ஆறு மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். அவளை எங்கே உட்கார வைத்தார்கள், ரிஜிஸ்டரில் எத்தனை மணி என்று எழுதினார்கள், யார் எழுதினார், பெண் காவலர் யாராவது இருந்தாரா, கேமரா ஓடியதா, டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தாரா. ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு போடலாம். நேரத்தோடு ஓட்டம், சாட்சியின் பயம், அழியப்போகும் பதிவு, இவற்றைவிட விறுவிறுப்பு எங்கே இருக்கிறது? நல்லவனான சக்கரை பக்கத்து மேசையில் நடப்பதைப் பார்த்துவிட்டு வாய் திறப்பானா மாட்டானா என்பது, கொலைகாரன் எட்டுப் பேரில் யார் என்பதைவிட எனக்குப் பெரிய சஸ்பென்ஸ்.

சுழலுக்கு மூன்றாவது சீசன் வந்தால் முதல் நாளே பார்ப்பேன். உம்மாவும் பார்ப்பார்.

அந்த வருஷ தசரா சமயத்தில் உம்மாவை டாக்டரிடம் காட்ட திருச்செந்தூர் கூட்டிப்போனேன். பஸ் ஸ்டாண்டில் குலசைக்கு வேடம் கட்டியவர்கள் நிறைந்திருந்தார்கள். காளி, குறத்தி, ராஜா, குரங்கு. எங்கள் பஸ்ஸில் ஏறியவர் போலீஸ் வேடம். புதுசாகத் தைத்த காக்கி, தோளில் மூன்று நட்சத்திரம், மையால் வரைந்த மீசை, கையில் ஒரு பிளாஸ்டிக் லத்தி, இன்னொரு கையில் தட்டு. பின் சீட்டுப் பையன்கள் சல்யூட் அடித்தார்கள். அவர் விறைப்பாகத் திருப்பி அடித்தார். உம்மா சுருக்குப்பையைத் திறந்து பத்து ரூபாயை எடுத்துத் தட்டில் போட்டார்.

“இந்தப் போலீசு அடிக்க மாட்டான்” என்றார் என்னிடம், மெதுவாக.

அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். சிரித்தார். லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.